வான்மாறனுக்குப் பட்டா

வேற்றுக்கிரகத்து வீரர் ஒருவருக்காகப் பொதுக்குழு கூட்டிய ஒரே ஊர், அகில உலகிலும் போடிநாயக்கனூர்தான். அந்தப் பெருமை முழுவதும் ஏலக்காய் வியாபாரி பேச்சிமுத்துவையே சேரும்.

மாதாமாதம் மதுரை ரயிலில் வந்திறங்கும் 'வான்மாறன்' படக்கதைப் புத்தகத்துக்காக, ஐம்பது வயதிலும் பிளாட்பாரத்தில் கால் கடுக்க நிற்பார் பேச்சிமுத்து. ஏழைகளின் குடிசைகளை இடித்த கோடீஸ்வரனை வான்மாறன் தூக்கிக் கடலில் வீசியபோது, "போடுறா அவனை!" என்று குடோனே அதிரக் கத்தியவர் அவர். அந்த ஆவேசம் தணியாமலே, 1979-ல் 'வான்மாறன் நற்பணி மற்றும் மண்ணின் மைந்தர் பாதுகாப்பு மன்றம்' கண்டார். செயலாளர், விதைக்கடை சோலைமலை.

மன்றத்தின் முதல் 'நற்பணி', முந்தல் ரோட்டோரப் புறம்போக்கிலிருந்த குடிசைகளைக் காலி செய்வது. அங்கே இருந்தவர்கள் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். பேச்சிமுத்துவின் குடோனில் காய் தரம் பிரிப்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் அவர்கள்தான். ஆனாலும் மன்றத்தின் பார்வையில் அந்நியர்கள்.

பொதுக்குழு அன்று காலையில் வந்த இதழில்தான் வான்மாறனின் பூர்வீகம் வெளியாகியிருந்தது. முதலில் படித்த சோலைமலை முகம் வெளிறி ஓடிவந்தார்.

"அண்ணே, மோசம் போயிட்டோம். நம்மாளு வெளியூராம்."

"எந்த ஊரு? சின்னமனூரா?"

"வேற கிரகம்ணே. அது எரிஞ்சு சாம்பலாயிருச்சாம். ஏழு வயசுல, சரக்கு ராக்கெட்டுல மூட்டைக்குள்ள ஒளிஞ்சு அமெரிக்கா வந்திருக்கான். ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி, 'என் தங்கச்சி மகன்'னு போலீசுகிட்ட பொய் சொல்லி வளத்திருக்கா. அவளும் வேற தேசத்துல இருந்து பொழைக்க வந்தவதானாம்."

பேச்சிமுத்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்நியருக்கு மன்றத்தில் இடமில்லை என்பது அவரே எழுதிய விதி.

எனவே, உரிய கனத்தோடு, வான்மாறன் பிரச்சினை முதல் பொருளாயிற்று. குடிசைகள் இரண்டாம் பொருள். குடிசைகளின் சார்பில், குடோனில் மூட்டை சுமக்கும் மொக்கம்மாள் நாலைந்து பெண்களோடு வாசலில் நின்றாள்.

"திருட்டுத்தனமா வந்தவனுக்கு எதுக்கு மன்றம்?" என்றார் ஓர் உறுப்பினர்.

பேச்சிமுத்து எழுந்தார். "பொறந்த எடமாய்யா முக்கியம்? வாழ வழியில்லாம வந்த புள்ளைய எங்கய்யா போகச் சொல்றீக? எந்த மண்ணுல பாடுபடுறானோ, அந்த மண்ணுதான்யா அவனுக்குச் சொந்தம்!"

அவர் மனசார, உள்ளம் உருகிப் பேசிய பேச்சு அது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கடைசிவரை தட்டியவர்கள் வாசலில் நின்ற பெண்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "நல்லா இருப்பீக மொதலாளி. எங்க தாத்தன் இந்தா இருக்குற தேவாரத்துல இருந்து சிலோனுக்குப் போனவரு. அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாக. இங்க சிலோன்காரின்னாக. இன்னைக்குத்தான் ஒரு வாயி சொந்தம்னு சொல்லிருக்கு. அப்ப குடிசைக இருக்கட்டுமா?"

பேச்சிமுத்து திடுக்கிட்டார். "ஆத்தா, அது ஒண்ணாம் தீர்மானம். ஒன்னோடது ரெண்டாவது."

"ரெண்டும் ஒரே நாயந்தான மொதலாளி?"

"எப்படி ஒண்ணாகும்? அவரு ஒத்தக் கையில ரயிலத் தூக்குவாரு. நீ என்னத்தத் தூக்குவ?"

"ஒங்க குடோன்ல ஏலக்கா மூட்டை தூக்குறேன்."

"ரயிலு?"

'மனுதாரருக்கு ரயில் தூக்கத் தெரியவில்லை' என்று சோலைமலை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தார். இரண்டாம் தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேறியது.

குடிசைகளைப் பிரித்த அன்று, மேற்பார்வைக்கு ஜீப்பில் வந்த பேச்சிமுத்து, அந்த இதழை மறுபடியும் விரித்து வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தைக் கழற்றிய மொக்கம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீக மொதலாளி. மலையில தெரிஞ்ச எஸ்டேட்டு இருக்கு. எப்படியும் பொழைச்சுக்கிருவோம்."

"அதில்ல ஆத்தா, இதப் பாரு." படத்தை அவள் பக்கம் திருப்பினார். "பச்சப்புள்ள. மூட்டைக்குள்ள தன்னந்தனியா. பாக்கவே ஈரக்கொலை நடுங்குது."

மொக்கம்மாள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பாவந்தான். நல்லகாலம், இந்தப் புள்ள அமெரிக்காவுல எறங்குச்சு" என்றாள். தகரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதைப் பக்கம் நடந்தாள்.

மறுமாதமே அவ்விடத்தில் முப்பதடி உயர வான்மாறன் எழுந்து நின்றார். ஒட்டுப்பலகையில் செய்து, நாலு கலரில் வரைந்தது. காலடியில் 'அகதிகளின் காவலன்' என்ற வாசகம். பறக்கும் அங்கிக்குப் பின்னால் புது ஏலக்காய்க் குடோன் ஒன்று அடக்கமாக நின்றது.

அந்த நிலத்தில் பட்டா பெற்ற ஒரே வந்தேறி வான்மாறன்தான். பலகையால் ஆனவருக்குக் கையெழுத்துப் போட வராதல்லவா? கார்டியன் என்ற முறையில் பேச்சிமுத்துவே போட்டார். நிலத்தையும் அவரே வைத்துக்கொண்டார்.