பொட்டு வைத்த ஷோகி

ஒன்றை எளிதாக்குகிறேன் என்று நான் இறங்கினால் அது உருப்படாது. மனைவி சொல்வதற்கு முதல் நானே ஒப்புக்கொள்கிறேன்.

பாரிஸில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் பாத்திரம் கழுவிய காலத்தில், அங்கிருந்த சமையற்காரர் பழக்கிவிட்ட பைத்தியம் ஷோகி, அதாவது ஜப்பானியச் சதுரங்கம். மரத்துண்டுக் காய்களின் மேல் ஜப்பானிய எழுத்து இருக்கும். இரண்டு படையும் ஒரே நிறம். காயின் கூர் பார்க்கும் திசையை வைத்துத்தான் அது யாருடையது என்று தெரியும். வெட்டிய காயைத் திருப்பி நம் படையிலேயே இறக்கலாம். (விளையாட்டின் உயிரே அதுதான். நான் மறந்ததும் அதைத்தான்.)

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், எங்கள் வட்டாரத்து நூலகப் பொறுப்பாளர் அம்மா ஷோகி பழக்க ஒரு சனிக்கிழமைக்கு அறை தந்தார். புதியவர்கள் பத்துப் பேருக்குப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு சனியும் அறை எங்களுக்கு. இல்லாவிட்டால், இடமில்லாமல் அலைந்த எங்கள் ஐந்து பேர் ஷோகிக் குழு கலைய வேண்டியதுதான். பிரெஞ்சுக்காரர்களோ அந்த எழுத்தைக் கண்டாலே எழும்பி ஓடுவார்கள்.

ரூ காய் என்ற தெருவில் உள்ள தமிழ்க் கடையில் ஒட்டுப்பொட்டு பக்கற்று பக்கற்றாக வாங்கினேன். காய் எந்தத் திசையில் நகருமோ அந்த ஓரத்தில் ஒரு பொட்டு. ஒரு படைக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதை வைச்சு ஒருக்கா விளையாடிப் பாத்தனீங்களே?"

"எனக்குத் தெரியாத ஷோகியே?" என்றேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பத்துப் பேரும் வந்தார்கள். முதல் கால் மணி நேரம் எல்லோருக்கும் ஒரே சந்தோசம். பிறகு ஒரு பெண்மணி கறுப்புக் காய் ஒன்றை வெட்டித் தன் சிவப்புப் படையில் இறக்கினார். அதோடு குழப்பம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஐந்து பலகையிலும் நிறங்கள் கலந்து, ஆளாளுக்குத் தங்கள் காயையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். காயின் கூர் எந்தப் பக்கம் என்று பாருங்கள் எனத் தொண்டை வற்றச் சொன்னேன். நிறத்தைக் கண்டபின் கூர்முனையை யார் பார்ப்பது?

வேறு வழியில்லாமல், வெட்டிய காயின் பொட்டுகளைக் கழற்றிவிட்டு மற்ற நிறத்தை ஒட்டச் சொன்னேன். கழற்றியதை எங்கே வைப்பது? தெருவில் எங்கள் பெண்களைப் பார்த்த பழக்கத்தில் அந்தப் பெண்மணி தன் நெற்றியில் ஒட்டினார். நல்ல வசதி என்று மற்றவர்களும் ஒட்டினார்கள். (வழுக்கைத் தலை முதியவர் ஒருவருக்கு இடம் தாராளம்.)

அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளர் அம்மா கதவைத் திறந்தார். குனிந்திருந்த பத்துத் தலைகளும் நிமிர்ந்தன. பத்து நெற்றியிலும் பொட்டு. நடுவில் நான், கையில் பக்கற்றோடு.

பிரான்சில் பொதுக் கட்டடத்துக்குள் சமயச் சடங்கு கூடாது என்பதை அவர் மரியாதையாகவே நினைவூட்டினார். இது விளையாட்டு என்றேன். அவர் வழுக்கைத் தலையைப் பார்த்தார், நம்பவில்லை. அறை போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் குழு கலையவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் அடுத்த சனிக்கிழமை ஒரு தேநீர்க்கடைக்கு வந்து, பொட்டில்லாத காய்களோடு உட்கார்ந்தார்கள். நான் பயந்த அந்த எழுத்தை இரண்டே சனிக்கிழமையில் பழகியும்விட்டார்கள்.

மானம் மட்டும் திரும்பவில்லை. எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் மனைவி என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவர்தான் லைப்ரரி ஐயர். ஒரே நாளிலை பத்து வெள்ளையளுக்குப் பொட்டு வைச்சவர்."

போன மாதம் பாரிஸ் புறநகரான செவ்ரானில் ஒருவர் அதை அப்படியே நம்பி, தன் புது வீட்டுக் குடிபூரலுக்குப் பூசை செய்ய நான் வர வசதிப்படுமா என்று கேட்டார்.