மொட்டை மாடி ஆபீசர்

பெங்களூரில் யாரும் வேலை கொடுக்காமலே ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீசர்தான். பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட திங்கட்கிழமையானால் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொள்ளும் ஊர் இது. ஆபீசருக்குத் தலைவலி வந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வரும்.

அவருடைய உண்மைப் பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். மல்லேஸ்வரத்தில் கிராஸ் எனப்படும் எங்கள் குறுக்குத் தெருவில் எல்லோருக்கும் அவர் ஆபீசர். நான் வேலூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, அவர் வீட்டில் ஒரு போர்ஷனில் குடியேறிய புதிதில், ஏதோ பெரிய அரசாங்க உத்தியோகம் என்றே நினைத்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் டிபன் பாக்ஸ் என்று கேட்டைத் திறந்துகொண்டு கிளம்புவார். மனைவி சரோஜா ஆன்ட்டி வாசல் வரை வந்து வழியனுப்புவார். நடையைப் பார்த்தால் நாலு பேர் எழுந்து நிற்கத் தோன்றும்.

ஒரு நாள் என் குளியலறைக் குழாய் கையோடு வந்துவிட்டது. ஓடிப்போய் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, சார் இருக்காரா?"

ஆன்ட்டி பேச முடியாமல் ஒரு விரலை மட்டும் மேலே காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, எப்ப ஆன்ட்டி?"

ஹேர்பின்னை எடுத்துவிட்டு, "ஒம்பது மணிக்கு. தெனமும் அப்பதான் போவாரு" என்றார்.

அன்றுதான் விஷயம் தெரிந்தது. ஆபீசர் ஒரு ஓவியர். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒரு அறை, அதுதான் ஆபீஸ். முன் கேட் வழியாகக் கிளம்பி, தெருவைச் சுற்றி, பூக்காரம்மாவுக்கு ஒரு தலையசைப்பு, முனையில் இருக்கும் தர்ஷினி ஓட்டலில் நின்றபடி ஒரு காபி, பிறகு அதே வீட்டின் பக்கவாட்டு கேட் வழியாக உள்ளே வந்து வெளிப்படிக்கட்டில் ஏறுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்கி, மறுபடியும் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார். சில நாள், "மார்கோசா ரோட்ல ஒரே டிராஃபிக்" என்று ஆன்ட்டியிடம் அலுத்துக்கொள்வதும் உண்டு.

ஆபீஸ் நேரத்தில் வீட்டோடு அவருக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். தலைக்கு மேல் அவருடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆனாலும் கேஸ்காரர் வந்தால் ஆன்ட்டி துளிச் சிரிப்பும் இல்லாமல், "அவரு ஆபீஸ் போயிருக்காரு, நீங்களே உள்ள வச்சிடுங்க" என்பார். மதியம் மாடியில் அவர் ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட, அதற்கு நேர் கீழே ஆன்ட்டி சுடச்சுட ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு முறை மனசு கேட்காமல் சூடாக நாலு வடையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஆபீசர் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆபீசுக்கெல்லாம் கொண்டு வராத சரோஜா. மத்தவங்க என்ன நெனைப்பாங்க" என்றாராம். மாடியில் மற்றவர்கள் என்று இருந்தவை காக்கைகள்தான்.

ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் வந்தது. தெருவில் நடமாடக் கூடாது என்று தடை இருந்த நாட்களில் ஆபீசர் காம்பவுண்டுக்குள்ளேயே வீட்டைச் சுற்றி நடந்து ஆபீஸ் போனார். நான் நைட்டியும் லேப்டாப்புமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். வேலை பாக்கறேன்."

"இப்படியேவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "பரவால்ல. எல்லாருக்கும் ஆபீஸ் அமையறதில்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இந்த வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். விடுமுறை நாள் என்பதால் பதில் கிடைத்தது.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடி இவ அப்பா, மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேட்டாரு. படம் வரையறான்னு சொன்னா பொண்ணு குடுப்பாங்களா? எங்க மாமா, பையன் ஆபீஸ் போறான்னு அடிச்சு விட்டுட்டாரு. பொய் சொல்லிக் கட்டிக்கிட்ட மாதிரி ஆயிடக் கூடாதுல்ல. கல்யாணம் முடிஞ்ச கையோட ஆபீஸ் போக ஆரம்பிச்சுட்டேன்."

"மூடு வரலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?"

"மூடுங்கறது நம்ம காவேரிக் குழாய்த் தண்ணி மாதிரிம்மா. ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வராது. வர்ற நேரம் பாத்து நாம வெளிய போயிருப்போம். அதான், நான் ஒம்பது மணிக்குப் போய் ஒக்காந்துடுவேன். அது எப்ப வேணா வரட்டும்."

ஆபீசில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் சோற்றுக்கு. இறந்துபோனவர்களின் மங்கலான புகைப்படங்களைப் பார்த்து, சுவரில் மாலை போட்டு மாட்டுவதற்கான பெரிய படம் வரைந்து தருவார். இதில் அவரை அடித்துக்கொள்ள நகரத்தில் ஆள் கிடையாது. "அப்பா சுவல்ப, கொஞ்சூண்டு, சிரிக்கிற மாதிரி போடுங்க சார்" என்று மகன் கேட்பார். "அவர் என்னிக்கு சிரிச்சாரு?" என்று மகள் மறுப்பார். ஆபீசர் பொறுமையாக இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, சிரிக்க நினைத்துக் கடைசி நிமிடத்தில் மனம் மாறிய ஒரு முகத்தை வரைந்து கொடுப்பார். குடும்பமே பார்த்துவிட்டு, "அப்பாவேதான்" என்று அழும்.

மதிய ஷிப்ட் அவருக்கு. அதில் அவர் தண்ணீர்த் தொட்டி வரைவார். மொட்டை மாடியிலிருந்து தெரிகிற கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, பழைய சிமென்ட் தொட்டி, மூடி பறந்துபோய்த் தகரம் கவிழ்த்த தொட்டி. அவை வெயிலில் நிற்பது, மழையில் நிற்பது, மேலே ஒரு மைனா உட்கார்ந்திருப்பது. யார் வாங்குவார்கள் என்று நான் கவலைப்பட்டதுண்டு. ஒரு பல் டாக்டர் வாங்கித் தன் கிளினிக்கில் மாட்டினார். பயந்துபோய் வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே அமைதியாகிவிடுகிறார்களாம். எனக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் ஏனோ மனது நிறைந்துவிடும். மதியத்தில் யாராவது அவசரமாக அப்பா படம் கேட்டு வந்தால், "காலைல வாங்க. இப்ப நான் வேற ஆபீஸ்ல இருக்கேன்" என்று அனுப்பிவிடுவார்.

லீவு கேட்பதும் அவரே, மறுப்பதும் அவரே. ஆன்ட்டியின் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கோலாருக்குப் போக வேண்டியிருந்தது. "லீவு கெடைக்கல சரோஜா, வேலை நெருக்குது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஆன்ட்டி விடுவிடுவென்று மாடிக்குப் போனார். அறைக்குள் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி வந்தார். "நான் பேசிட்டேன். சாங்ஷன் ஆயிடுச்சு. பட்டு வேட்டி எடுத்து வைங்க" என்றார். தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு அன்று புரிந்தது.

இப்படியே போயிருந்தால் எனக்கு இதை எழுத வேலை இல்லை. ஆபீசருக்கு அறுபது வயது வந்தது.

"இந்த மாசக் கடைசியோட ரிட்டயர்மென்ட்" என்றார்.

"ஓவியர் எல்லாம் ரிட்டயர் ஆக மாட்டாங்க சார்."

"ஆபீஸ் போறவன் ஆகித்தானேம்மா ஆகணும். நாற்காலியப் புடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

விளையாட்டு என்றுதான் நினைத்தோம். கடைசி நாளன்று மொட்டை மாடியில் பிரிவுபசார விழா நடந்தது. பூக்காரம்மா மாலை கொண்டுவந்தார். பல் டாக்டர் சால்வை போர்த்தினார். எதிர் வீட்டு சிமென்ட் தொட்டியின் படம் ஸ்டாண்டில் பாதியில் நின்றது. தொட்டி முடிந்திருந்தது. வானம் இன்னும் வரவில்லை.

"இதை மட்டும் முடிச்சிடுங்களேன் சார்."

"டைம் ஆயிடுச்சும்மா" என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

ரிட்டயர் ஆகிறவரை மாலையோடு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதுதானே வழக்கம். சாமந்திப்பூ கட்டிய ஆட்டோவில் அவரையும் ஆன்ட்டியையும் ஏற்றினோம். டிரைவர், "எல்லிகே மேடம்?" என்று எங்கே போக வேண்டும் எனக் கேட்டார். நான் அதே வீட்டின் முன் கேட்டைக் காட்டினேன். அவர் வீட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தெருவை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டார். ஆபீசர் மாடிச் சாவியை ஆன்ட்டியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு வீட்டில் இருப்பது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஆன்ட்டியின் பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். கீரைக்காரரிடம் கட்டு இளைத்துவிட்டது என்று விவாதம் செய்தார். மதியம் சாப்பிட்டதும் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்து எதிர் வீட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் கம்பெனியிலிருந்து ஆன்ட்டியைக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. மணி மூன்று. எடுக்க மாட்டார் என்று தெரிந்தே அவர் நம்பரைப் போட்டேன். ஒரே ரிங்கில் எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. சும்மாதான் இருக்கேன்."

அந்த மூன்று மணிக் குரலைக் கேட்டதும், இந்த மனிதர் இப்படியே கரைந்து போய்விடுவார் என்று பயந்தேன். அன்று இரவே ஆன்ட்டியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆன்ட்டி நல்ல கைத்தறிப் புடவை கட்டி, தோளில் பை மாட்டி, கையில் ஆபீசரின் டிபன் பாக்ஸோடு முன் கேட்டைத் திறந்தார்.

"எங்க ஆன்ட்டி கெளம்பிட்டீங்க?"

"ஆபீசுக்கு. அவரு எடம் காலியாத்தானே கெடக்கு. வீட்ல ஒருத்தருக்குத் தர மாட்டாங்களா?"

தெருவைச் சுற்றினார். தர்ஷினியில் காபியும் குடித்ததாகக் கேள்வி. பக்கவாட்டு கேட் திறந்தது, படி ஏறும் சத்தம் கேட்டது, மேலே நாற்காலி நகர்ந்தது. ஆபீசர் லுங்கியோடு கூடத்தில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். மதியம்வரை பொறுத்தவர், அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் கதவைத் தட்டினார்.

"மேல என்னம்மா பண்றா?"

"வேலை பாக்கறாங்க சார்."

"அவளுக்கு என்ன தெரியும்?" என்று போன் போட்டார். தலைக்கு மேலே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீஸ் நேரம், ஆன்ட்டி எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து ஆன்ட்டியின் குரல் மட்டும் வந்தது.

"ஏம்மா, இந்தப் படத்துல வானம் பாக்கி இருக்கு. கேட்டுக்கு அடிச்ச பச்சை பெயின்ட் ஒரு டப்பா மிச்சம் கெடக்குது. அதையே அடிச்சிடட்டுமா?"

ஆபீசர் எழுந்தார். உள்ளே ஓடினார். இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக வெளியே வந்து, முன் கேட்டைத் திறந்துகொண்டு தெருவைச் சுற்றி ஓடினார். அந்த அவசரத்திலும் படிக்கட்டுக்கு நேர்வழியில் போகவில்லை. காபி மட்டும் குடிக்கவில்லை.

நானும் பின்னாலேயே மாடி ஏறினேன். பெயின்ட் டப்பா மூடியே திறக்கவில்லை. பிரஷ் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீசர் மூச்சு வாங்க நின்றார்.

"அறுபது ஆயிடுச்சே சரோஜா."

"செத்தவங்களை வரையறதுக்கு ஆயிடுச்சு. காலை ஷிப்ட்டுக்கு ரிட்டயர் ஆயிட்டீங்க, சரி, சேத்து வச்ச பணம் போதும். தொட்டி வரையறதுக்கு யாரு வயசு கேட்டா? எங்கப்பாகிட்ட மாப்பிள்ளை ஆபீஸ் போறாருன்னு சொன்னீங்க. எது வரைக்கும்னு சொல்லலையே."

ஆன்ட்டி எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டார்.

"மதியம் மட்டும் வாங்க. சாப்பாடு நான் சூடாத்தான் கொண்டு வருவேன். மத்தவங்க பாத்தா பாக்கட்டும்."

ஆபீசர் உட்கார்ந்து நீலத்தைக் கரைக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டார்.

நான் வேலை மாறி ஊரின் மறுகோடியில் பொம்மசந்திரா பக்கம் குடிவந்து கொஞ்ச காலம் ஆகிறது. இங்கிருந்து மல்லேஸ்வரம் போய்வர ஒரு நாள் முழுதாக வேண்டும், அடிக்கடி முடிவதில்லை. ஆனால் மனசு அலைபாய்கிற நாட்களில் மதியம் மூன்று மணிக்கு அவருக்குப் போன் போடுவேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். எனக்கு அது போதும்.