விண்கோட்டையின் வெறும் பனியன்

பதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவனைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவன் அம்மை போட்டவன் மாதிரி. முகத்திலேயே தெரியும், தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம். இன்று உங்களுக்கு நான் காட்டப்போகிற இனம் வேறு. பதவி வேண்டாதவர். மேலுக்கு ஒரு கொப்புளம் இராது, நாடி சீராக அடிக்கும், தெர்மாமீட்டரை வைத்தால் பாதரசம் அடக்க ஒடுக்கமாகத் தன் இடத்தில் நிற்கும். ஆனால் அவர் வந்து உட்கார்ந்து எழுந்து போன வீட்டில் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் படுத்துவிடுவார்.

இவரை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? கூட்டம் என்று எது கூடினாலும் கதவோரம் பாருங்கள், செருப்புகளுக்குப் பக்கத்தில். நாலு பேர் கையைப் பிடித்து முன்னுக்கு இழுப்பார்கள். இவர் கும்பிடு போட்டுப் பின்னுக்கு நகர்வார். நகர்ந்துகொண்டே நடு நாற்காலியின் அகலத்தைக் கண்ணால் அளந்துவிடுவார். கல்யாணத்தில் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். முதல் பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது பெண் வீட்டாருக்குக்கூடத் தெரியாது, இவருக்குத் தெரியும். பேச்சு மொத்தம் மூன்று வாக்கியம். நுழையும்போது, "எனக்கெதுக்குங்க?" சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், "நானொண்ணுஞ் சொல்லலீங்க." செருப்பை மாட்டும்போது, "உங்க காதுல போட்டு வெச்சேன், அவ்வளவுதானுங்க."

இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்துவிட முடியும்? வானத்தில் இருக்கிற ஒரு கோட்டையைக் காலி செய்ய முடியும். எங்கள் ஆத்தப்பன் செய்தார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்தது மட்டுமா? மருந்துப் பெட்டியையும் நானே தூக்கிக் கொடுத்தேன்.

எழுபத்தொன்றாம் வருஷம். நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் திருப்பூரில் இருந்தேன். எங்கள் வீதியில் நாலு பனியன் கம்பெனிகள்: சுப்பையன், கந்தப்பன், பெரியாத்தாள், ஆத்தப்பன் ஆகியோருடையவை. நாலு முதலாளிகளும் சேர்ந்து ஒரு புது யோசனை செய்தார்கள்: பனியன் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு பக்கப் படக்கதை ஒன்றை இலவசமாக வைப்பது, மாதம் ஒரு கதை. பிள்ளைகள் கதைக்காக அப்பனை நச்சரித்துப் பனியன் வாங்க வைப்பார்கள். யோசனை சுப்பையனுடையது. கெட்டிக்கார யோசனைதான்.

படம் போட வந்தவர் சாமியப்பன். கோயமுத்தூரில் காலண்டர் அச்சகத்தில் இருபது வருஷமாக லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்து சலித்தவர், இந்த வேலைக்காக அதை விட்டுவிட்டு வந்து, என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தார். "சாமிகளெல்லாம் உக்காந்தே இருக்குதுங்கம்மா. ஒரு நல்ல சண்டை வரையோணும். எட்டுப் பக்கம் வரையோணும். அவ்வளவுதான் எனக்கு ஆசை" என்பார். சின்ன ஆசைதானே?

கதை இது. மேகத்துக்கு மேலே விண்கோட்டை. அதை ஆள்வது நாலு மகாவீரர்கள் கொண்ட ஆட்சிமன்றம். கம்பெனிக்கு ஒரு வீரர். ஒவ்வொரு வீரரும் அந்தந்தக் கம்பெனியின் பனியனைப் போட்டிருப்பார். நெஞ்சில் லேபிள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். சுப்பையனுக்குக் காந்தக்கையன். கந்தப்பனுக்குப் புயல்காலன். புருஷன் போன பிறகு கம்பெனியைத் தானே நடத்திய பெரியாத்தாளுக்கு மின்னல்விழியாள்; அவளுக்குப் பனியன் போடுவது எப்படி என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசிவிட்டு, கடைசியில் அவள் தூக்கிப் பிடிக்கிற கொடிக்குப் போட்டார்கள். ஆத்தப்பனுக்கு?

"எனக்கெதுக்குங்க வீரன்? ஒரு மூலையில, ஆருக்கும் தெரியாம நின்னாப் போதுமுங்க" என்றார்.

ஆகவே அவருக்கு மறைவீரன். கண்ணுக்குத் தெரியாதவன். கை கால் முகம் ஒன்றும் இராது. ஒரு வெறும் பனியன் மட்டும் அந்தரத்தில் நிற்கும். படத்தில் எல்லோருக்கும் முன்னால் கண்ணில் படுவது அதன் லேபிள்தான்.

மன்றத்துக்கு ஒரு தலைவர் வேண்டும், தலைவர்தான் அட்டைப்படத்தில் நடுவில் நிற்பார் என்று பேச்சு. முதல் இதழில் காந்தக்கையன் தலைவரானார். இரண்டாம் இதழின் கடைசிப் படத்தில் சாமியப்பன் தன் ஆசைப் பூதத்தைக் கொண்டுவந்து கோட்டை வாசலில் நிறுத்தினார். ரெட்டைக் கொம்பு, முறம் போல் கை. "தொடரும்" என்று போட்டாயிற்று. மூன்றாம் இதழில் சண்டை. தூரிகை எல்லாம் கழுவி வைத்திருந்தார்.

அந்த வாரம் ஆத்தப்பன் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு கந்தப்பன் வீட்டுக்குப் போனார். அங்கே அவர் பேசியதைக் கந்தப்பனின் சம்சாரம் ஞானாம்பாள் எனக்குச் சொன்னது:

"அட்டையில சுப்பையனோட ஆள் நடுவுல நிக்கறது நல்லாத்தானுங்க இருக்குது. கடைக்காரன் பாத்தா, மத்த மூணு கம்பெனியும் அவருகிட்டக் கூலிக்கு நிக்கறாப்பலத் தோணும். தோணுனாத் தோணீட்டுப் போகுதுங்க. நானொண்ணுஞ் சொல்லலீங்க."

கந்தப்பன் அன்றைக்குச் சோறு இறங்காமல் எழுந்துவிட்டாராம்.

மறுநாள் அதே பழத்தில் இன்னொரு சீப்பு என் வீட்டுக்கு வந்தது.

"நர்ஸம்மா, ஒரு சந்தேகமுங்க. நல்லாத் தெடமா இருக்கற ஆளு. சாகக்கூடாது. மூணு மாசத்துக்கு எந்திரிக்கவுங் கூடாது. அப்படி என்ன சீக்குங்க வரும்?"

"யாருக்குங்க?"

"காந்தக்கையனுக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற வாய் ஜாக்கிரதையாக இராது. "மஞ்சக்காமாலை" என்றேன்.

ஆத்தப்பன் அதைக் கந்தப்பன் காதில் போட, கந்தப்பன் சாமியப்பனிடம் சொல்ல, மூன்றாம் இதழில் காந்தக்கையன் காமாலையில் விழுந்தான். படக்கதை ஒரே நீல மையில் அச்சாகிற சமாசாரம் ஆகையால், காமாலை கண்டவன் நீலமாகத்தான் கிடந்தான். தலைமாட்டில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்த கிழவியும் நீலம். பூதம் வாசலில் நின்றது. கதவைத் திறக்கத் தலைவர் உத்தரவு வேண்டும், தலைவர் படுக்கையில் இருக்கிறார் என்று மன்றம் தீர்மானம் போட்டது.

புயல்காலன் தலைவரானான். ஆத்தப்பன் பழத்தோடு பெரியாத்தாளைப் பார்க்கப் போனார். புயல்காலனுக்கு என்ன சீக்கு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கால்தானே அவன் மூலதனம்? நரம்புச் சிலந்தி. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கால்களிலிருந்து அந்தப் புழுவை ஈர்க்குச்சியில் சுற்றி இழுத்தவள் நான். விவரமாகவே சொல்லிக் கொடுத்தேன். அடுத்துத் தலைவியான மின்னல்விழியாளுக்குக் கண்வலி.

"கண்வலி ஒரு வாரத்துல போயிருமுங்க" என்றேன்.

"ஒரு வாரம் போதுமுங்க நர்ஸம்மா. அதுக்குள்ளக் கோட்டைத் தேர்தல் முடிஞ்சிரும்."

இப்படியே மாதம் மாதமாகப் போயிற்று. கோட்டைக்குள்ளே ரகசியக் கூட்டம், ஓலை, ஒற்றர், நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஒரு குத்து கிடையாது. சாமியப்பன் மகாவீரர்களை உட்காரவைத்தே வரைந்தார். விட்டுவந்த லட்சுமியும் சரஸ்வதியும் இவர்களைவிடச் சுறுசுறுப்பு.

"பூதம் ஆறு மாசமா வாசல்ல நிக்குதுங்கம்மா. அதுக்குக் கால் வலிக்காதுங்களா?" என்றார் ஒருநாள்.

"வலிச்சா உக்கார வையி" என்றேன்.

உட்காரவைத்தார். எட்டாம் இதழில் அதன் முதுகில் கொடி படர்ந்தது. ஒன்பதாம் இதழில் இடது கொம்பில் ஒரு காக்கை கூடு கட்டியது. குன்னத்தூரிலிருந்து ஒரு பிள்ளை கார்டு எழுதியது: "பூதம் மாமாவுக்கு யாராச்சும் தண்ணி குடுங்க."

பதினோராம் இதழ் முடிந்தபோது ஒரு முதலாளியின் முகத்தை இன்னொரு முதலாளி பார்ப்பதில்லை. அவரவர் வீரர் அவரவர் கட்டிலில் கிடந்தார்கள். மிச்சமிருந்தது அந்தரத்து வெறும் பனியன் ஒன்றுதான். மூன்று பேரும் தனித்தனியாக ஆத்தப்பனிடம் வந்து, தலைமை மற்ற இருவருக்கும் போவதைவிட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்கள். எத்தனை வற்புறுத்தல்! மனிதர் கண்கலங்கி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு என் முன்னறைக்கு வந்து உத்தரவும் போட்டார்.

"பன்னெண்டாவது இதழ் பூராவும் மறைவீரன் பட்டாபிசேகமுங்க. அதோட கதைய நிறுத்திக்கலாம். இனி எதுக்குங்க படக்கதை? காலண்டர் போட்டுக்கலாம்."

அவர் போனதும் சாமியப்பன் தூரிகைகளை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு வருஷத்து உழைப்பு, ஒரு குத்துக்கூட வரையாமல் காலண்டருக்கே திரும்பப் போகிறது. மூன்று நோயையும் சொல்லிக் கொடுத்த நான் ராத்திரி எதிரில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி கனத்தது.

"சாமியப்பா, ஆத்தப்பன் புரூபுல எதைப் பாப்பாரு?" என்று கேட்டேன்.

"நெஞ்சைத்தானுங்க. லேபிள் நேரா இருக்குதா, எழுத்துத் தெரியுதா, எத்தனை எடத்துல வருது. அவ்வளவுதான். கதையை ஒரு நாளும் படிச்சதில்லீங்க. நாலு பேருமே..." என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்தினார். அப்புறம் ஐந்து தோசை சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து ஆத்தப்பன் புரூப் பார்க்க வந்தார். வழக்கம்போலக் கதவோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, கட்டை விரலை ஒவ்வொரு படத்தின் நெஞ்சிலும் வைத்து எண்ணிக்கொண்டே போனார். தையல் கூடத்திலிருந்து வந்த பனியனைப் பார்க்கிற அதே விரல்.

"நாப்பத்தி மூணு எடத்துல வந்திருக்குதுங்க. பேஷ்!" பிறகு ஒரு படத்தைச் சற்றுத் தூரத்தில் பிடித்தார். "ஏனுங், மறைவீரனுக்கு இப்ப ஆளு தெரியுதாட்ட இருக்குது?"

"பதவிக்கு வந்தாச்சுங்களே. இனி எதுக்குங்க மறையோணும்?" என்றார் சாமியப்பன்.

"கொஞ்சம் பெருசாத் தெரியுதுங்க."

"பதவிக்கு வந்தாப் பெருசாத்தானுங்க தெரியோணும்."

"அதுஞ்செரி. கிரீடம் ரெட்டைக் கூராப் போட்டிருக்கறீங்க. கம்பீரமா இருக்குது." ஆத்தப்பனுக்குக் காது சிவந்தது. "எனக்கெதுக்குங்க மூஞ்சியெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கதையில் நடந்தது இதுதான்: பட்டாபிஷேக நாளில் மறைவீரன் நாற்காலியில் உட்கார்ந்தான். வாழ்த்துச் சொல்ல மன்றத்தில் ஒருவர் இல்லை. பத்து மாதம் காத்த பூதம் சலித்துப்போய்க் கதவைத் தானே தள்ளியது. கதவுக்குத் தாளே போட்டிருக்கவில்லை! நாற்காலியில் ஒரு வெறும் பனியன் இருப்பதைப் பார்த்தது. உள்ளே இருந்ததை உறிஞ்சிவிட்டுப் பனியனைத் தான் மாட்டிக்கொண்டது. அப்புறம் காந்தக்கையன் நீலக் கண்ணோடும், புயல்காலன் ஈர்க்குச்சி சுற்றிய காலோடும், மின்னல்விழியாள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் எழுந்து வந்தார்கள். எட்டுப் பக்கம். குத்து, உதை, தூக்கி எறிதல், தூண் முறிதல், கடைசியில் மேகத்திலிருந்து ஒரே தள்ளு. நாற்பத்து மூன்று இடத்திலும் அடி வாங்கியது ஆத்தப்பன் கம்பெனி லேபிள்.

நாலு கம்பெனிப் பெட்டிகளிலும் அது ஊர் ஊராகப் போயிற்று. மூன்றாவது வாரம் ஆத்தப்பன் என் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஓட்டமாக அவருடைய விற்பனை ஆள் நல்லான்.

"சாமியப்பன் எங்கீங்க? நம்ம பனியனைப் பூதத்துக்கு மாட்டி உட்டுட்டாரு! தாராபுரத்துல கொழந்தைங்க அதைப் பூதம் பனியன்னு சொல்லுதாமா!"

"முதலாளி, பாதி கேட்டுப்போட்டு வண்டியேறிட்டீங்க" என்றான் நல்லான், மூச்சு வாங்க. "பூதம் பனியன் குடுங்கன்னு கேக்குதுங்க. கொண்டுபோனதெல்லாந் தீந்துபோச்சு. கடைக்காரங்க அது இருந்தாத்தான் பெட்டி எறக்குவேங்கறாங்க. மத்த மூணு கம்பெனிச் சரக்கைத் திரும்பியே பாக்கறதில்லீங்க."

ஆத்தப்பன் திரும்பி நல்லானைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். செருப்புகளைத் தாண்டினார். கதவோரத்தைத் தாண்டினார். என் வீட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக.

"சாமியப்பன், அந்த மூஞ்சிய லேபிளுக்குள்ள அடக்க முடியுமுங்களா?"

படக்கதை நின்றுபோனது. சாமியப்பன் இப்போது லேபிள் வரைகிறார். ஒரே பூதம், உட்கார்ந்த நிலையில். சண்டை வரைந்தாகிவிட்டது என்பதால் வருத்தமில்லை என்கிறார். அந்தப் பதினாறு பக்கத்தையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். ஆத்தப்பன் வியாபாரிகள் சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவரானார். ஏற்பு விழாவில், "எனக்கெதுக்குங்க இதெல்லாம்? எல்லாரும் வற்புறுத்தினாங்க" என்றார். சுப்பையனும் கந்தப்பனும் பெரியாத்தாளும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். மூவரும் உடம்பு சரியில்லாதவர்கள் போல் இருந்தார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நீங்கள் என்ன, எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள்? இந்தக் கதையை யாரோ ஒருவர் காதில் போட்டு வைக்கலாம் என்று தோன்றுகிறதா? நீங்களாக யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அப்படித்தானே? உட்காருங்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், கதவோரமா? நினைத்தேன்.

நாக்கை நீட்டுங்கள், பார்க்கிறேன்.