லிங்கத்தைப் பற்றி நான் சொன்ன நாலு குறைகள்

பொய் சொல்வதற்கும் ஒரு வாய்ராசி வேண்டும். எனக்கு அது கிடையாது. இருந்திருந்தால், நாலு வருடங்களுக்கு முன் தென்காசியில், என் சொந்த செல்போன் கடையிலேயே என் மானம் கப்பலேறியிருக்காது.

லிங்கம் என் கூட்டாளி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. செங்கோட்டையில் கணக்கு வாத்தியார். (எனக்குக் கணக்கு வராததற்கு அவன்தான் காரணம். பரீட்சையில் காட்டிக் காட்டியே கெடுத்துவிட்டான்.) அவன் மேல் எனக்கு இருப்பது வெறும் சிநேகம் இல்லை என்று இருபது வயதிலேயே தெரியும். சொன்னால் இருக்கிற சிநேகமும் போய்விடுமே என்று பயந்து பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆனி மாதம் அவனுக்கு வாசுதேவநல்லூரில் பெண் பார்த்தார்கள். பயல் நேரே என் கடைக்கு வந்தான்.

"ஏலே சங்கரா, பொண்ணு வீட்டுக்காரங்க ஒன்கிட்ட விசாரிக்க வருதாங்க. எனக்குக் கல்யாணமே வேண்டாம்லே. அம்மாட்ட சொல்லிப் பாத்துட்டேன், அழுதா. நீ என்னைப் பத்தி நாலு குறை சொல்லி வெரட்டி விட்டுரு."

ஏன் வேண்டாம் என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. அவ்வளவு சந்தோஷம். துண்டுச் சீட்டில் எழுதியே வைத்தேன்: குடி, கோபம், சோம்பல், குறட்டை. இந்த நாலும் எடுபடாவிட்டால் ஆவணியில் லிங்கம் இன்னொருத்தி புருஷன்.

வந்தது பெண்ணின் தாய்மாமா. கூடவே பெண்ணும் வந்து நின்றாள், பெயர் கோமதி.

"பையன் குடிப்பாரோ?" என்றார் மாமா.

"மொடாக்குடி, அண்ணாச்சி. ஒரு தடவ நான் குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கிடந்தேன். அவன்தான் தூக்கிட்டுப் போயி மோர் குடுத்தான்."

"அப்பம் குடிச்சது நீங்கள்லா?"

"ஆமா அண்ணாச்சி," என்றேன். சீட்டைப் பார்த்தேன். "கோவக்காரன். மூணு நாள் என்கிட்ட பேசல. நாலாம் நாள் புரோட்டா வாங்கிட்டு வந்து நிக்கான். சரியான சோம்பேறி. எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்பம் பத்து நாள் வேலைக்கே போகல, அங்கனயே கிடந்தான்."

மாமா உருக ஆரம்பித்தார். நான் அவசரமாகக் கடைசிக் குறைக்குத் தாவினேன்.

"குறட்டை வேற விடுவான்! ஹாஸ்டல்ல மூணு வருசம் கேட்டேன். இப்பம் அது இல்லாம எனக்கு ஒறக்கமே வர மாட்டேங்கு," என்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (குறை சொல்கிற லட்சணம்!)

"தங்கமான பையன்! ஆவணியிலயே முடிச்சிருவோம்," என்றார் மாமா.

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க போயி வண்டிய எடுங்க," என்று அவரை அனுப்பினாள். "அண்ணே, இம்புட்டு ஆசைய வச்சிக்கிட்டு அவர எதுக்கு என் தலையில கட்டப் பாக்குதிய? நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்குப் பிடிக்கலன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

அதோடு விட்டாளா? ஜாதகத்தோடு வந்த நம்பருக்குப் போன் போட்டு, நான் உளறியதை ஒரு வரி விடாமல் லிங்கத்திடம் ஒப்பித்துவிட்டாள். சாயங்காலம் அவன் வந்து, "வண்டில ஏறு," என்றான். நேரே குற்றாலம். ஐந்தருவி வரிசையில், இடுப்பில் துண்டும் தலையில் வழியும் எண்ணெயுமாக நிற்கும்போது கேட்டான்.

"ஏலே, அந்தக் குறட்டை மேட்டர் நெசமா?"

"நெசம்தாம்லே."

"கோட்டிக்காரா! பத்து வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? நான் யாருக்காவ கல்யாணம் வேண்டாம்னேன்னு நெனச்ச?"

கையைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நின்றவர், "தம்பிகளா, நகருங்கப்பா," என்று சத்தம் போட்டார். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

இப்போது இலஞ்சியில் லிங்கத்தின் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். (அவர் என்னிடம் பேச ஒரு வருடம் ஆனது. இப்போது நிறுத்துவதில்லை.) கோமதி சிவகிரியில் கல்யாணம் கட்டிக்கொண்டாள். சீசனுக்குச் சீசன் புருஷனோடும் பிள்ளையோடும் வந்து, வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிடுவாள்: "ஏ சக்களத்தி, காப்பி போட்டாச்சா?"

அடுப்படியிலிருந்து லிங்கத்தின் அம்மா குரல் வரும்: "ஏட்டி, மூத்தது அவன். மரியாதயா கூப்பிடு."