உதவி அறைக் கதவை அக்கா வென்ற படலம்

வட்ட வடிவினனே, முதலும் முடிவும் இல்லாதவனே, தன்னோடு பெருக்கப்பட்ட பேரெண்களையெல்லாம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் செய்துவிடும் வல்லாளனே, பூஜ்ஜியப் பெருமானே, முன்வந்து காப்பாயாக! நின்னை வணங்கியே தொடங்குகிறோம். ஏனெனில் இக்காவியத் தலைவி நின் திருமுகத்தைத் தன் விடைத்தாளின் ஓரங்களில் பன்முறை தரிசித்தவள்.

வெல்க அக்கா! பல்கலைக்கழகத்தின் பாலர்கல்வித் துறையில் இரண்டாமாண்டு பயில்பவள். உடன்படிப்போர் அனைவரினும் பதினைந்து வயது மூத்தவளாதலின் மாணவர் முதல் ஆசிரியர் ஈறாக யாவராலும் அக்கா என்றே விளிக்கப்பெறுபவள். இரட்டைப் பிள்ளைகளை இரு இடுப்பிலும் பயணச்சீட்டைப் பல்லிடுக்கிலும் ஏந்தி நெரிசல் பேருந்தில் ஏறிய பெருந்தோளாள். பயிற்சிக்குச் சென்ற மழலையர் பள்ளியில் முப்பது பிஞ்சுகளும் ஒருசேர வாய்திறந்து அழத் தொடங்கிய ஊழிப்பொழுதில், ஒற்றைக் கைதட்டலால் அமைதியை நிலைநாட்டிய அடலேறு. மாமியாரின் பெருமூச்சு ஒன்றைக் கேட்டே சமையலில் உப்புக் குறைந்ததா மிகுந்ததா என்று அளந்து சொல்லும் கூர்ஞ்செவியாள். இத்தகையாளுக்கும் ஒரு பகைவன் இருந்தான்.

அவன் பெயர் கட்டாயக் கணிதம். மழலையர்க்குப் பாட்டும் கதையும் கற்பிக்கப் போகிறவளேயாயினும், அவனை வென்றாலன்றிப் பட்டமில்லை எனப் பேரவை ஆணையிட்டிருந்தது. சமக்குறி பொறித்த கொடியும், அடைப்புக்குறிகளாலான இரட்டை மதிலும், ஒரு கணக்கில் ஏழாகவும் மறு கணக்கில் இரண்டாகவும் உருமாறும் எக்ஸ் என்னும் மாயாவித் தளபதியும் உடைய அப்பேரரசன்முன் அக்கா இருமுறை போர்தொடுத்து இருமுறையும் மண்ணைக் கவ்வினாள். மூன்றாம் முறையும் வீழ்ந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். பிறகு பழையபடி துணிக்கடையின் கல்லாவுக்கருகே நின்று பைகளுக்கு முடிச்சுப் போடவேண்டியதுதான்.

அவள் படை சரிந்த இடம் என்றும் ஒன்றே: பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணவாய். திருப்பிப் போட்டுப் பெருக்கு என்பது அங்கே வழங்கும் மந்திரம். ஏன் திருப்பவேண்டும் என்று பள்ளிப்பருவத்தில் ஒருநாள் எழுந்து கேட்டாள். ஆசிரியர் விடையளிக்காமல், "இந்த அம்மாவுக்கு ஏன்னு தெரியணுமாம்" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார், வகுப்பு சிரித்தது. அன்று மூடிய வாய் அதன்பின் கணக்கு வகுப்பில் திறக்கவேயில்லை. மந்திரத்தின் பொருள் அறியாதவள் எதைத் திருப்புவது என்பதையும் எப்படி அறிவாள்? சில நாள் முதற்பின்னத்தைத் திருப்பினாள். சில நாள் இரண்டாவதை. மனம் சோர்ந்த நாட்களில் இரண்டையும்.

இவள் துயர் பொறாத கணவர், குளிர்பதனப் பெட்டிகளின் பிணிதீர்க்கும் மெக்கானிக், கையில் ஸ்பானரோடு வீட்டு நடுக்கூடத்தில் நின்று பிரகடனம் செய்தார்.

"கேக்கறதுக்குன்னே ஒரு ரூம் தொறந்து வச்சிருக்காங்களாமே. போய்க் கேளேன். உன்னை என்ன கடிச்சா திங்கப் போறாங்க?"

படை புறப்பட்டது.

கீழ்த்தளத் தாழ்வாரத்தின் கடைக்கோடியில், ஒருபுறம் குடிநீர் இயந்திரமும் மறுபுறம் நகலெடுக்கும் அறையும் காவல்நிற்க, நடுவே எழுந்திருந்தது அக்கோட்டை வாயில். கணக்கு உதவி அறை, எந்தச் சந்தேகமும் கேட்கலாம், கட்டணமில்லை, கேலியில்லை என்று நெற்றியில் எழுதப்பட்ட நீலக்கதவு. கதவின் சிறு கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் வீற்றிருந்தான் அவ்வறையின் காவலன். கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் நெட்டையன். ஒட்டடைக்குச்சி என்று மாணவருலகம் பட்டம் சூட்டிய இளைஞன். அவனுக்கும் ஒரு கவலை உண்டு. வருவோர் மிக அருகிப்போனமையால், இந்தப் பருவமும் இப்படியே கழிந்தால் உடைந்த நாற்காலிகளை அங்கே போட்டுவிடலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்; முன்னணிப்படைபோல் இரு நாற்காலிகள் முன்னதாகவே வந்து மூலையைக் கைப்பற்றியும் விட்டன. ஆயினும் வாசலில் தயங்குவோரைக் கூப்பிட்டால் ஓடிவிடுவார்கள் என்று பட்டறிந்தவனாதலின், அவன் பார்த்துக்கொண்டே பார்க்காதவன்போல் இருந்தான்.

மதிய இடைவேளையில் முதல் தாக்குதல் நிகழ்ந்தது. அக்கா நிமிர்ந்த நடையினளாய் வந்து, கைப்பிடியை நோக்கிக் கரத்தை நீட்டியபோது, அவள் வகுப்பு மாணவியர் இருவர் மூலை திரும்பி வந்தனர். நீண்ட கரம் நடுவானில் திசைமாறிக் குடிநீர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தியது. ஒரு குவளை அருந்தினாள். மாணவியர் சென்றனர், மீண்டும் கரம் நீண்டது, மீண்டும் யாரோ வந்தனர், மற்றொரு குவளை. இவ்வாறு எதிரிப்படை அலையலையாய் வரவர, அக்கா குவளை குவளையாய் அருந்தி, வயிறு மழைக்காலத்து ஏரியெனத் தளும்ப, ஓரடி எடுத்துவைத்தாலும் உள்ளே அலையோசை கேட்கும் நிலையை எய்தினாள்.

அவ்வமயம் கதவு ஒரு சாண் திறந்து, மேல்விளிம்பருகே ஒட்டடைக்குச்சியின் தலை தோன்றியது. அக்கா பின்வாங்கினாள். புறமுதுகிட்டாள் என்று சொல்ல நாக்கூசுகிறது. பக்கவாட்டில் முன்னேறி நகலறைக்குள் புகுந்தாள் என்போம்.

"என்ன எடுக்கணும்க்கா?" என்றார் நகலெடுப்பவர்.

கையில் ஒன்றுமில்லை. பையைத் துழாவியவள், அகப்பட்டதை எடுத்து நீட்டினாள். அது அவளுடைய பேருந்துப் பாஸ்.

"எத்தனை?"

"அஞ்சு."

"பஸ் பாஸு… அஞ்சு காப்பி?"

"ரெண்டு பக்கமும்" என்றாள் அக்கா, சிங்கம் தன் குகையிலிருந்து பேசும் குரலில்.

வெம்மை ஆறாத நகல்களை மார்போடு கேடயமாய் அணைத்து அவள் களத்துக்கு மீண்டபோது, ஒட்டடைக்குச்சி தாழ்வாரத்துக்கே வந்து, சென்ற ஆண்டின் விளையாட்டு அறிவிப்பை வரிவரியாய்ப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தான். இருவரிடையே பத்தடித் தூரம். ஓடினால் இழிவு, நின்றால் ஆபத்து. அக்கா நடிப்பை நடிப்பால் எதிர்கொள்ளத் துணிந்தாள். கைப்பேசியை உருவிக் காதில் வைத்து, "சொல்லுங்க அத்தை… ஆமா அத்தை… சரி அத்தை" என்று இல்லாத மாமியாரோடு உரையாடத் தொடங்கினாள்.

அந்தோ! விதியின் கொடுமையை என்னென்பது! காதோடு ஒட்டியிருந்த அக்கருவி, போர்முரசு கொட்டினாற்போல் அத்தாழ்வாரம் அதிர ஒலித்தது. நகலெடுப்பவர் எட்டிப்பார்த்தார். குடிநீர் இயந்திரமும் சொட்டுவதை நிறுத்தியது.

ஒட்டடைக்குச்சி அறிவிப்பிலிருந்து கண்ணெடுக்காமலே மெல்லச் சொன்னான்: "எடுங்க மேடம். இது நெசமாவே வருது."

எடுத்தாள். மெய்யாகவே மாமியார்.

"உள்ள போயிட்டியா?"

"இல்ல அத்தை… வாசல்ல நிக்கறேன்."

"வாசல்ல நின்னு யாருக்குக் காவல் காக்கறே? இங்க ரெண்டும் சோபா மேல ஏறிக் குதிக்குதுங்க. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கேக்கறதக் கேட்டுட்டு வா. கேக்காம வந்தே, கதவத் தொறக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

பெண்ணுக்குப் படிப்பு இந்த வயதில் எதற்கு என்று ஒரு காலத்தில் உதட்டைப் பிதுக்கியவர் அவரே. அக்குரல் இன்று தன் பக்கம் நின்று முழங்கக் கேட்ட அக்காவுக்குத் தோள் நிமிர்ந்தது, வயிற்றிலிருந்த ஏரியும் பொங்கியெழுந்தது. இதற்குள் நெட்டையன், "நான் உள்ளதான் இருக்கேன்" என்று பொதுவாகச் சுவரிடம் அறிவித்துவிட்டு அறைக்குள் போயிருந்தான். அக்கா பாய்ந்து சென்று கைப்பிடியை இருகரத்தாலும் பற்றி இழுத்தாள். கதவு அசையவில்லை. ஒரு காலைக் கதவுநிலையில் ஊன்றி, பல்லைக் கடித்து, யானை மரத்தைப் பெயர்ப்பதென இழுத்தாள். மலையும் இளகும், அது இளகவில்லை.

"தள்ளணும் மேடம்!" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

தள்ளினாள். கோட்டை வீழ்ந்தது.

ஆனால் கோட்டைக்குள் இன்னொரு கோட்டை இருந்தது. அது அவள் வாய். ஒட்டடைக்குச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு, "சொல்லுங்க" என்றான். அக்கா கூரையைப் பார்த்தாள்; மின்விசிறியைப் பார்த்தாள்; ஈற்றில், "என் தங்கச்சிக்கு ஒரு சந்தேகம்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. "இங்க வர்றதே வாரத்துக்கு நாலு பேரு. நாலு பேருக்கும் தங்கச்சி இருக்கு. பரவாயில்ல, தங்கச்சிக்கு எங்க இடிக்குது?"

வீரம் என்பது வேலெறிவதிலும் வாள்சுழற்றுவதிலும் உள்ளதென்பார் உளர். ஆறாம் வகுப்பில் கேட்டு அவமானப்பட்ட ஒரு கேள்வியை, முப்பத்தைந்து வயதில், தன்னினும் இளைய ஒருவன் முன்னிலையில், வியர்த்த உள்ளங்கையைப் பேருந்துப் பாஸ் நகலில் துடைத்துக்கொண்டு, தன் பெயரிலேயே கேட்கத் துணிவதில் உள்ள வீரத்தை அவர் அறியார்.

"தங்கச்சியெல்லாம் இல்ல தம்பி. சந்தேகம் எனக்குத்தான். பின்னத்த வகுக்கும்போது எதுக்காகத் திருப்பிப் போடறோம்?"

"அக்கா, இது ரொம்ப நல்ல கேள்வி. முக்காவாசிப் பேரு கேக்காமயே திருப்பிட்டுப் போயிடறாங்க" என்றவன், பெட்டியிலிருந்து மூன்று சாக்பீஸ்களை எடுத்து மேசைமேல் அணிவகுக்கச் செய்தான். "இத அரை அரையா உடைச்சா எத்தனை துண்டு?"

"ஆறு."

"அப்ப மூணுக்குள்ள எத்தனை அரை இருக்கு?"

"ஆறு… அட, இதுக்குப் பேருதான் வகுக்கறதா?"

"அவ்வளவுதான். இப்ப அதே மூணுல முக்கால் முக்காலா எடுங்க. எத்தனை வரும்? நான் சொல்லமாட்டேன்." சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டான்.

அக்கா களமிறங்கினாள். அம்மூன்று சாக்பீஸ்களையும் பற்றி ஒவ்வொன்றையும் நான்காய் உடைத்தாள். வெண்புழுதி எழுந்து கதிரவனை மறைத்தது. பன்னிரு துண்டுகள் உருண்டன. ஒன்று மேசைக்கடியில் பதுங்க, மண்டியிட்டுத் தவழ்ந்து சிறைப்பிடித்து வந்தாள். மூன்று மூன்றாய்ச் சேர்த்தாள். நான்கு குவியல்கள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"நாலா உடைச்சேன்… அது நாலால பெருக்கறது. மூணு மூணாச் சேத்தேன்… அது மூணால வகுக்கறது. முக்கால்ல மூணு மேல இருக்கு, நாலு கீழ இருக்கு. இங்க நாலு மேல போயி, மூணு கீழ வந்துடுச்சு." குரல் ஒரு கட்டை உயர்ந்தது. "தம்பி! இதுக்காகத்தானா திருப்பறோம்? இத இத்தனை வருஷம் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

ஜன்னலருகே நின்றவன் வந்து, புதிய சாக்பீஸ் பெட்டி ஒன்றைப் பிரித்து அவள்முன் வைத்தான்.

அன்றுமுதல் வாரந்தோறும் அவ்வறையில் போர்முழக்கம் கேட்டது. அக்கா தனியே வரவில்லை. வகுப்பில் விழிபிதுங்கிய ஐவரைப் பிடரியைப் பற்றாத குறையாய் இழுத்துவந்தாள். உட்கார இடம் போதாமல் மூலையிலிருந்த உடைந்த நாற்காலிகளை மெக்கானிக் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆணியடித்து நிமிர்த்தினார். துறைத்தலைவர் ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு, உடைந்த நாற்காலிகளை இனி வேறிடத்தில் போடச் சொல்லிப் போனார்.

தேர்வு முடிந்து, முடிவு வெளியான நாளில், கணவர் ஸ்பானரை வீசியெறிந்து ஓடிவர, மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைப்பேசித் திரைமேல் கவிழ்ந்துநிற்க, இரட்டையர் காரணம் அறியாமலே ஆர்ப்பரிக்க, நாற்பது மதிப்பெண் என்னும் அகழியை நாற்பத்தொன்று என்னும் ஒற்றைத் தாவலில் கடந்து, எக்ஸ் என்னும் மாயாவியின் முகத்திரை கிழித்து, கட்டாயக் கணிதப் பேரரசனின் மணிமுடியை மிதித்து, கண்ணீரும் சிரிப்பும் கலந்த வெற்றித் திருமுகத்தோடு, எட்டுத் திசையும் தன் பெயர் சொல்ல நிமிர்ந்து நின்றாள் அக்கா.

அடுத்த செமஸ்டரில் புள்ளியியல் இருக்கிறது.