கோபால்சாமியின் கை

கோபால்சாமி புளி மூட்டையைத் தூக்கி ஜீப்புக்குள் வைத்தார். டிரைவர் தசரதன் அதே மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தான்.

"கையக் காட்டுண்ணே."

"புளி விக்கத்தான்டா போறேன். கைய விக்கலையே."

"அம்மை குத்தின தழும்பு இருக்கணும், இல்லன்னா சீட்டு இருக்கணும். ரெண்டும் இல்லன்னா ஒடுகத்தூர் சந்தையில உள்ள வுட மாட்றாங்க. போன வாரம் ரெண்டு பேரை ஏத்திக்கினு போய் நான் வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும்."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிப் போனது. மேற்கே வானம் கறுத்திருந்தது. நனைந்தால் புளி கறுத்துவிடும். கறுத்த புளியை எவனும் மோந்துகூடப் பார்க்க மாட்டான்.

இத்தனைக்கும் காரணம் பஞ்சாட்சரம். அந்த எழுபத்தொன்றாம் வருஷம், பெரியம்மை மறுபடி தலைகாட்டுகிறது என்று அம்மை குத்துவதற்காகச் சர்க்கார் அனுப்பி மலைக்குக் கீழேயிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தில் தங்கி மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். பத்துப் பேர்கூட வரவில்லை. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில்தான் கோபால்சாமி எழுந்து நின்றார்.

"குத்திக்கிறவங்க குத்திக்கட்டும், நான் குறுக்க நிக்கல. என் கை என்னுது. வேணாங்கறவன் கையப் புடிச்சி இழுக்க சர்க்காருக்கு இன்னா உரிமை?"

பாதிக் கூட்டம் தலையாட்டியது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு எழுந்தாள்.

"கை உன்னுதுதான். நோவு உன் வேலியோட நின்னுக்குமா? எங்க தம்பி அம்மையிலதான் போனான். என் புள்ளைங்களுக்கு வராதுன்னு எழுதிக் குடு, நான் குந்திக்கிறேன்."

மீதிக் கூட்டம் தலையாட்டியது. இரண்டு தடவையும் தலையாட்டியவர்களும் இருந்தார்கள்.

பேச்சு முற்றியது. பெண்பிள்ளையிடம் தோற்றதாக ஆகிவிடக் கூடாதே என்று கோபால்சாமி மீசையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "இந்த ஒடம்புல ஊசி பட்டா, இந்த மீசைய நானே எடுத்துடறேன்!"

சொன்னது நேற்று. இன்றைக்குப் புளி மூட்டையின்மேல் உட்கார்ந்து யோசித்தார். ஊசி படக் கூடாது என்றுதானே சொன்னோம்? தழும்பு படக் கூடாது என்று சொல்லவில்லையே!

துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டை அவர் வீட்டில் ஒரு கூடை கிடந்தது. காட்டில் பொறுக்கியதுதான். அதன் பால் பட்டால் தோல் வெந்து தழும்பு விழும். வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு கொட்டையை உடைத்து இடது புஜத்தில் ஒரு பொட்டு வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றுமே ஆகவில்லை. பழைய கொட்டை போலிருக்கிறது என்று இன்னும் நாலு பொட்டு வைத்தார். வெயிலில் வியர்த்தது. அதே கையால் முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் புஜம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. முகம், கழுத்து, மார்பெல்லாம் கொப்புளம். எரிச்சல் தாங்காமல் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டார். அரிப்புக்கு ஒரு கொத்து வேப்பிலையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த அவர் மனைவி மாணிக்கம்மாள் பார்த்தாள். மஞ்சள், வேப்பிலை, கொப்புளம். குடம் கீழே விழுந்தது.

"அய்யோ! இவருக்கு அம்மா எறங்கிட்டாளே!"

"கத்தாத! எறும்பு கடிச்சிது!"

"எறும்பு கடிச்சா இப்பிடியா இருக்கும்?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், சுதந்திரம் பேசியவன் திருட்டுத் தழும்பு போட்டான் என்று ஊர் சிரிக்கும். கோபால்சாமி வாயை மூடிக்கொண்டார். அதுவே வினையாயிற்று. பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார் என்று தெருக்கோடிக்குச் செய்தி போனது. தசரதனின் ஜீப்பில் ஏறி மலைக்குக் கீழேயும் போனது.

பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை நின்றது. முதல் ஆளாக நின்றவன், நேற்றுவரை கோபால்சாமியின் வலது கையாக இருந்த காசி. குத்திக்கொண்டு வந்தவன், கோபால்சாமியின் வேலிக்கு முப்பதடி தள்ளி நின்று கத்தினான்.

"அண்ணே! உன் கொள்கைதான் என் கொள்கை. அதுல மாத்தமே இல்ல. கைய மட்டுந்தான் குத்திக்கினேன்!"

அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மதியம் வேலியண்டை ஒரு சத்தம். அம்மாக்கண்ணு ஒரு சட்டியோடு நேராக வாசலுக்கே வந்தாள்.

"கூழு கீது. சூடா குடி. நான் முன்னமே குத்திக்கினவ, எனக்குப் பயமில்ல. முந்தாநாளு கூட்டத்துல பேசினத மனசுல வெச்சிக்காத." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க தம்பியும் இப்பிடித்தான் கெடந்தான்."

கோபால்சாமி சட்டியைக் கையில் வாங்கினார். செத்துப்போன தம்பிக்கு அழுகிற கண்ணீரைச் சேங்கொட்டைக்கு அழ விட்டுவிட்டோமே என்று நெஞ்சு அறுத்தது. சட்டியைக் கீழே வைத்தார். மாணிக்கம்மாளிடம் கத்தரிக்கோல் வாங்கி மீசையை வெட்டி எறிந்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வரிசை சிதறி ஓடியது.

"ஓடாதீங்க! இது அம்மை இல்ல, சேங்கொட்டை! சந்தைக்குப் போவ நானே போட்டுக்கின தழும்பு. அம்மாக்கண்ணு, என்னை மன்னிச்சிடும்மா."

முதலில் சிரித்தவள் அம்மாக்கண்ணுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பஞ்சாட்சரம் கொப்புளத்தைக் குனிந்து பார்த்தார்.

"சேங்கொட்டையேதான். ஆனா பெரியவரே, நான் மூணு நாளா கத்தி வராத ஊரு, உங்க ஒரு மூஞ்சியப் பாத்து வந்துடுச்சி. இனிமே நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"குத்துங்க. சீட்டுக்காக இல்ல, யாரு மெரட்டியும் இல்ல. நானா வந்து நானா கேக்கறேன். என் கை, நான் நீட்றேன். ஊசின்னா எனக்கு இன்னா பயமா?"

ஊர் கை தட்டியது. இடது புஜம் வீங்கிக் கிடந்ததால் வலது கையை நீட்டினார். சட்டையை ஏற்றிவிட்ட பஞ்சாட்சரம் அப்படியே நின்றார். புஜத்தில் காசளவுக்கு வட்டமாக, குழி விழுந்த பழைய தழும்பு.

"இது இன்னா?"

"அதுவா? கரடி பிராண்டினது. எனக்கு மூணு வயசு அப்போ. ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலன்னு எங்கப்பா சாவறவரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு. ஊருக்கே தெரியும்."

ஊர் ஆமாம் என்றது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். மலைக்குக் கீழே அமிர்தியில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா செல்லி. தம்பிக்கு அம்மை என்று கேள்விப்பட்டதும் மலையேறியவள். தம்பி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பஞ்சாட்சரத்திடம் சொன்னாள்:

"இவனுக்கா குத்தப் போறீங்க? நாலு ஆளு சேத்துக்குங்க அய்யா! சின்னதுல எங்கப்பா அமிர்தியில ரோடு வேலைக்கு எங்கள இட்டுக்கினு போனப்போ இதே கையில அம்மை குத்தினாங்க. மூணு நாளு அழுது அந்த ஊரையே கூட்டிட்டான். ஊசின்னு பேரெடுத்தாலே அழறானேன்னுதான், எங்கப்பா அந்தத் தழும்பைக் கரடி பிராண்டினதுன்னு மாத்திச் சொன்னாரு!"