முந்நூறு கிராமுக்கு ஓர் அஸ்திவாரம்

மனித குலத்தை இதுவரை காப்பாற்றி வந்திருப்பது கனம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கனமான கோப்பு, கனமான நாற்காலி, கனமான மனிதர். இலேசானது எதுவும் இந்தக் கட்டடத்துக்குள் மரியாதையோடு நுழைந்ததில்லை.

அப்படியொன்று இப்போது கூட்ட மேசைமேல் கிடந்தது. சூரிய மின்தாள். பாய் போலச் சுருட்டலாம், பசை தடவிக் கூரையில் ஒட்டலாம். எடை முந்நூறு கிராம். விலை, ஒரு ஜோடி செருப்பின் விலை.

அவள் மின்வாரியத்தின் பரிசோதனைப் பொறியாளர். மின்கம்பி எட்டிப் பார்க்காத ஒரு தெருவில், நாற்பது தகரக் கூரைகளில் அவளே ஏணி வைத்து ஏறி இதை ஒட்டியிருந்தாள். ஆறு மாதமாக ஒரு பழுதும் இல்லை. இந்தக் கவலைக்கிடமான நிலைமையை ஆராயவே இன்றைய 'உயர்மட்டக் கூட்டம்'.

கொள்முதல் அதிகாரி விதிப்புத்தகத்தைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'பிரிவு ஏழு'. கொதிகலன் காலத்தில் எழுதப்பட்ட ஏழாம் பிரிவை அவர் பெற்ற பிள்ளையைப் போலக் காப்பாற்றி வந்தார்.

“மின்சாரம் உண்டாக்கற எந்தச் சாதனத்துக்கும் அஸ்திவாரம் இருக்கணும். இதுக்கு எங்க இருக்கு?”

“இது ஒட்டறது சார்.”

“ஒட்டறதெல்லாம் போஸ்டர் மேடம். நாம என்ன சினிமாக் கொட்டகையா நடத்தறோம்?”

வாரியத்தின் இயக்குநர் சிரித்தார். ஆகவே எல்லோரும் சிரித்தார்கள்.

ஏழாம் பிரிவின் மனம் நோகாதபடி, மின்தாளுக்கு ஒரு 'தாங்கு கட்டமைப்பு' ஏற்கெனவே தயாராகியிருந்தது. நான்கு இரும்புத் தூண்கள், குறுக்குச் சட்டங்கள், சிமெண்ட் பீடம். எடை எண்பது கிலோ. விலை, மின்தாளைப் போல இருபது மடங்கு. கொசுவை உட்கார வைக்கச் சிம்மாசனம்.

“அற்புதம்!” என்றார் இயக்குநர். “இப்பத்தான் இதைத் திறந்து வைக்க முடியும். முன்னாடி ரிப்பன் கட்டக்கூட எடம் இல்ல.”

“சார், எண்பது கிலோவைத் தகரக் கூரை தாங்காது.”

“தெரியும்மா. அதனாலதான் அந்த நாற்பது வீட்டையும் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டோம். நல்ல மாடி வீடாப் பார்த்துக் குடுத்துடலாம்.”

“ஏற்கெனவே ஒட்டினது?”

“உரிச்சுடலாம்,” என்றார் பிரிவு ஏழு. “வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடும். இலேசுதானே?”

அவளுக்கு அந்தத் தெருவின் முதல் வீட்டுத் தையற்காரியின் ஞாபகம் வந்தது. நேற்றுதான் போனில் கூப்பிட்டிருந்தாள். “அக்கா, உங்க தாளு புண்ணியத்துல மெஷின் மோட்டார்ல ஓடுது, மூணு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் எடுத்திருக்கேன். மறுபடி மெஷினைக் காலால மிதிக்கச் சொல்லிடாதீங்க. முட்டி ரெண்டும் விட்டுப் போச்சு.” சொல்லமாட்டேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்படி வாக்குக் கொடுக்கும் அதிகாரம் தனக்குக் கிடையாது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

இயக்குநர் ஒரு படிவத்தை நகர்த்தினார். 'மேற்கண்ட நாற்பது கூரைகளும் சூரிய மின்சாரத்துக்குத் தகுதியற்றவை.' ஒரே வரி. கீழே, 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் அவளுக்கென்று ஒரு வெற்றிடம்.

“ஒரு கையெழுத்துதானேம்மா. அடுத்த மாசம் தலைமைப் பொறியாளர் ஆகப் போறீங்க. நானே சிபாரிசு எழுதி வச்சிருக்கேன்.”

பத்தொன்பது வருடத்தில் அவள் போடாத கையெழுத்தா? அது கொட்டாவி போல. பக்கத்தில் இருப்பவர் போட்டால் தனக்கும் தானாக வந்துவிடும். பிறகு வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது, கண்ணாடியைப் பார்க்காமல் துடைத்துக்கொள்ளவும் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம்தான் இத்தனை நாளும் தன்னை நல்லவளாக வைத்திருந்தது என்று நினைத்தபோது, அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“என்ன யோசனை மேடம்?” என்றார் பிரிவு ஏழு. “பேனா எழுதலையா? இந்தாங்க, என்னோடது.”

“பேனா நல்லாத்தான் இருக்கு சார்.”

அவள் தன் பேனாவை மூடி, படிவத்தை இயக்குநர் பக்கமே திருப்பி வைத்தாள்.

“கூரைங்களுக்குத் தகுதி இருக்கு சார். யாருக்கு இல்லையோ, அவங்க பேரை எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்.”